பதினெட்டு மணி நேரக் காற்று

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறை. பதினோரு வருடமாக என் நாட்குறிப்பில் அந்த ஞாயிறுகளுக்கு மட்டும் பச்சை மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை, விண்வெளிப் படம் என்று பைத்தியம் பிடித்தவர்கள் கூடிப் பேசுகிற இடம் அது. தொடக்கத்தில் ஒன்பது பேர் வந்தோம். ஒருவர் புனேவுக்கு மாற்றலாகிப் போனார். இருவருக்குக் கல்யாணமாயிற்று. ஒருவர் தன் மகனே இதையெல்லாம் விட்டுவிட்டான் என்று சொல்லி, வெட்கப்பட்டு நின்றுகொண்டார். மற்ற இருவர் ஏன் நின்றார்கள் என்பதற்கு என்னிடம் குறிப்பு இல்லை. மிஞ்சியது மூன்று பேர்.

நான் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். வயது ஐம்பத்திரண்டு, சொந்த ஊர் கல்லாவி. இருபத்தேழு வருடமாக ஒரே வேலைதான். வருகிற உருப்படியை அளக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. சிவப்பு ஒட்டியதை யாரும் தொடக்கூடாது, காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து நான் கையெழுத்துப் போடும்வரை. இரண்டாவது ஆள் டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஜெராக்ஸ் கடை அவர் தம்பியுடையது. ஞாயிறு அடைத்திருக்கும், சாவி அவரிடம். மூன்றாவது ஆள் என் நண்பர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், வேறொரு தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் இருக்கிறார், என்னைவிட ஆறு வயது இளையவர். எங்களில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நாங்கள் என்ன பேசுவோம் என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். சொல்ல முயன்றேன், முடியவில்லை. இப்படித்தான் பேசுவோம்:

"டீச்சர், அந்தப் படத்துல வர்ற டிராகன் யானை சைஸு இருக்குது. றெக்கை இன்னா அளவு? எங்க கம்பெனி கேட் அகலம்கூட இல்ல. எப்பிடிங்க பறக்கும்?"

"பறந்துச்சு இல்ல சார்? கண்ணால பாத்தீங்க இல்ல?"

"பாத்தா ஆச்சா? வெயிட்டு இருக்குதே."

"வெயிட்டாம் வெயிட்டு! உங்க ஃபேக்டரில டிராகன் செஞ்சா, நெருப்பு எத்தனை அடி கக்குதுன்னு டேப் வெச்சு அளந்துட்டுதான் வெளிய விடுவீங்க."

"சிவப்புச் சீட்டு ஒட்டிருவாரு டீச்சர்," என்பார் நண்பர். "வால்லயே ஒட்டிருவாரு அண்ணாச்சி."

நண்பர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு விண்கப்பலின் கதை. பூமியை விட்டுக் கிளம்பி நான்கு தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும் கப்பல். நீள நோட்டில், கையால், நீல மையில் எழுதுவார். ஒரு அத்தியாயம் முடிந்தால் கூட்டத்தில் வாசிப்பார். எங்கள் கூட்டத்தின் வழக்கம், கேட்கிறவருக்குத் தவறு தென்பட்டால் கையைத் தூக்க வேண்டும், வாசிக்கிறவர் அங்கேயே நிறுத்த வேண்டும். அந்தத் தவறை நான் ஒரு பதிவேட்டில் ஏற்றுவேன். வரிசை எண், தேதி, அத்தியாயம், பக்கம், தவறு, திருத்தம், கையெழுத்து. தொழிற்சாலையில் பழகிய முறைதான். கப்பலின் வரைபடமும் என்னிடம்தான் இருந்தது. எந்தக் கூடம் எங்கே, எத்தனை மீட்டர், எத்தனை கதவு என்று அவர் சொல்லச் சொல்ல நான் கட்டத்தாளில் வரைந்து வைத்தது. எட்டு அத்தியாயத்தில் அறுபத்தோரு தவறுகள். கப்பலுக்கு வெளியே வெடித்ததை உள்ளே இருப்பவர் காதால் கேட்டது, ஒரு கிழவர் இரண்டு அத்தியாயத்தில் இரண்டு வயதோடு இருந்தது, இப்படி. அறுபத்தொன்றையும் அவர் திருத்தினார். அறுபத்தொன்றிலும் நான் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு அதில் பெருமை உண்டு. "அண்ணாச்சி பாஸ் பண்ணின கப்பல். எங்க போனாலும் ஒழுகாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார்.

ஒரு வருடம் பெங்களூரில் நடந்த ரசிகர் திருவிழாவுக்குப் போனோம். கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வந்து உலவுகிற விழா. நண்பர் சனிக்கிழமை வேலை முடித்து நேராக வந்ததால் கம்பெனி நீலச் சட்டையிலும் பாதுகாப்புக் காலணியிலும் இருந்தார், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. உள்ளே நுழைந்ததும் நான்கு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு எந்தக் கப்பலின் பொறியாளர் வேடம் என்று கேட்டார்கள். "ஓசூர் கப்பல்" என்றார். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று அவர் மனைவியும் வந்திருந்தார். புளிசோறு கட்டிக்கொண்டு வந்தவர், வெள்ளி உடலும் பச்சை முகமுமாக நடப்பவர்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, இவுகளுக்கெல்லாம் யாரு மேஸ்திரி?"

அந்த அம்மாள் ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்தார். பசுமைக் குடிலுக்குள் வெட்டிய பூக்களைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை. கதையை முதலில் கேட்பது அவர்தான். நாங்கள் வீட்டுக்குப் போனால் டீத்தூள் போட்டுக்கொண்டே, பேருந்தைக் கேட்பது போலக் கேட்பார்: "கப்பல் எங்கன வந்திருக்கு?"

கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் இறந்தார். மூச்சுத்திணறல், வீட்டிலேயே, மருத்துவமனையில் படுக்கை கிடைப்பதற்கு முன்பு. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாரும் போகக்கூடிய காலம் அல்ல. நான் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று அன்றைய பக்கத்தில் எழுதவில்லை.

ஒன்றரை வருடம் நண்பர் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கே வந்து, கடை வாசலில் நோட்டோடு நின்றார். ஒன்பதாம் அத்தியாயம். கப்பலின் பயிர்க்கூடத்தைக் கவனிக்கிற பெண் விதையறைக்குள் இருக்கிறாள். விண்கல் மோதுகிறது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. ஆறு மணி நேரத்தில் அறையின் காற்று தீர்ந்து அவள் இறந்துபோகிறாள். நன்றாக எழுதியிருந்தார். அவர் வாசித்து முடிக்கும்வரை யாரும் கை தூக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. விதையறையின் அளவு வரைபடத்தில் இருந்தது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், உயரம் இரண்டரை. பத்து கன மீட்டர். திங்கள் முதல் புதன் வரை, வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு எவ்வளவு காற்றைக் கெடுப்பார், எந்த அளவுக்கு மேல் உயிருக்கு ஆபத்து என்பதையெல்லாம் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் குறையவில்லை. அவர் திரும்பி வந்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சியைக் காட்ட வேறு வழி தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். முன்பு அவர் எழுத்தை எப்படி நடத்தினேனோ அப்படியே நடத்துவதுதான் மரியாதை என்று நம்பினேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கணக்குப் போட்ட தாளை எடுத்து வாசித்தேன். வரிசை எண் அறுபத்திரண்டு. ஒன்பதாம் அத்தியாயம், பக்கம் பதினான்கு.

நண்பர் கடைசிவரை கேட்டார். "அப்போ பதினெட்டு மணி நேரத்துக்குக் காத்து மிச்சம் இருந்திருக்கு."

"ஆமாங்க. கொறஞ்சது பதினெட்டு."

"அவ செத்திருக்க மாட்டா."

"கணக்குப்படி பாத்தா செத்திருக்க முடியாதுங்க. ரூமைச் சின்னதாக்கிடுங்க, இல்லாட்டி நேரத்தை ஏத்திடுங்க. ஈஸிதான்."

அவர் தாளை வாங்கி நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தார். "சரி அண்ணாச்சி, பாக்குதேன்" என்றார். கீழே போய் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் பதிவேட்டில், திருத்தம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு மூடினேன்.

அதன்பின் நான்கு மாதம் வரவில்லை. நாட்குறிப்பில் நான்கு பச்சைக் கோடுகளுக்குக் கீழே "வரவில்லை" என்று இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டால், "சோலி கெடக்கு அண்ணாச்சி, அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அந்த ஆண்டு எனக்கும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. முட்டி வலி. தணிக்கைக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அளவுக் கருவிகள் முந்நூற்றுக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் எடுத்துக் காட்ட வேண்டும். ஞாயிறு காலையில் மாடி ஏறும்போது, எதற்கு வருகிறோம் என்று தோன்றத் தொடங்கியிருந்தது. டீச்சரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, யாரும் பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவோம்.

நான்காவது மாதம் நான் சொன்னேன்: "ஒரு தப்பைச் சரி பண்றதுக்கு இவ்ளோ நாளா? கதையே நின்னு போச்சு பாருங்க."

டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சார், நிஜமாவே உங்களுக்குத் தெரியலயா?"

"இன்னாது?"

"அய்யோ தேவரே," என்று கன்னடத்தில் கடவுளை அழைத்தார். "செடி பாத்துக்கிறவ சார். மூச்சு கிடைக்காம போறவ. ரோஸ் பண்ணைல யாரு வேலை செஞ்சது?"

 கதையில் வரும் அந்தப் பெண்ணின் வயதை நான் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். முப்பத்தெட்டு. கப்பல் எங்கே வந்திருக்கிறது என்று அவள் அடிக்கடி கேட்பதாக ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. அதற்கும் நான் பக்க எண் குறித்திருக்கிறேன்.

"நீங்க ஏங்க அன்னிக்கே சொல்லல?"

"சொல்றதுக்குள்ள பேப்பரை எடுத்துப் படிச்சிட்டீங்க." டீச்சர் சாவிக்கொத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நானும் ஒண்ணும் ஒசத்தி இல்ல சார். நீங்க படிக்கப் படிக்க, பெருக்கல் சரியா இருக்குதான்னு மனசுல போட்டுப் பாத்துட்டு இருந்தேன். சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் அவர் முகத்தைப் பாத்தேன்."

மூன்று வாரம் போகாமல் இருந்தேன். என்ன சொல்வது என்று நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தேன், நான்கு வாக்கியம். அடுத்த மாத முதல் ஞாயிறு காலை மத்திகிரியில் நண்பர் வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகள். முற்றத்தில் வண்டிச் சங்கிலியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கை பூரா கிரீஸு."

நான்கு வாக்கியத்தில் ஒன்றுதான் வந்தது. "அந்த அறுபத்திரண்டை அடிச்சிடறேங்க. நான் யோசிக்காம…"

"அடிக்காதீங்க." துடைப்பதை நிறுத்தவில்லை. "கணக்கு சரிதான். நானும் போட்டுப் பாத்தேன், மூணு தடவ."

"கணக்கு கெடக்குதுங்க. வூட்டம்மாவைப் பத்தின்னு எனக்கு…"

"காத்து இருந்துச்சு அண்ணாச்சி. அதான் விசயம்."

பிறகு சொன்னார். எங்கள் யாருக்கும் தெரியாதது. மனைவி இறந்த அன்று காலை தன் மேற்பார்வையாளரின் வேனை வாங்கிக்கொண்டு, காலி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். "மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு நிமிசம் நின்னேன். கிருஷ்ணகிரிப் பக்கம் போவமா, பெங்களூருப் பக்கம் போவமான்னு. பெங்களூர்ல தெரிஞ்ச பய ஒருத்தன் இருந்தான். போனேன். ரொப்பியும் குடுத்துட்டான். திரும்பி வாரேன், பார்டர்ல வண்டி வரிசை. இ-பாஸைப் பாத்துப் பாத்து விடுதாங்க. ரெண்டு மணி நேரம். சிலிண்டர் என் முதுகுக்குப் பின்னால நெறஞ்சு கெடக்கு. அவ போன் பண்ணிக் கேக்கா, எங்கன வந்திருக்கீகன்னு."

சங்கிலியை ஒரு கண்ணி நகர்த்தினார்.

"காத்து தீந்து போச்சுன்னு எழுதிட்டா யாரு மேலயும் தப்பு இல்ல, பாத்தியளா. ரூம்புல இருந்துச்சு, தீந்துச்சு, அவ்வளவுதான். அதை எழுதித்தான் கொஞ்சம் தூங்குனேன். நீங்க வந்து பதினெட்டு மணி நேரம் மிச்சம்னுட்டீங்க."

"கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருந்தா மட்டும் கெடச்சிருக்கும்னு இன்னாங்க நிச்சயம்?"

"அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது அண்ணாச்சி."

அளக்க முடியாததைப் பற்றி நான் பேசுவது அவருக்கே விநோதமாக இருந்திருக்கும். மேற்கொண்டு எழுதுவாரா என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் போனேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்தக் கப்பலைத் தவிர அவர் வீட்டில் பேச்சுக்கு வேறொன்றும் இல்லை. அதையும் நான் நிறுத்திவிட்டேனா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஒம்பது இப்படிக் கெடந்தா பத்துக்குப் போக முடியாது," என்றார். "தப்புன்னு தெரிஞ்சு எப்படிப் போக? மாத்தணும்னா அத எழுதணும். வேன, வரிசைய, எல்லாத்தையும். எனக்கு அசதியா இருக்கு."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டுக் கிளம்பினேன். எப்போது வருவார் என்று கேட்கவில்லை.

அடுத்த இரண்டாம் ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது முறை, பத்து இருபதுக்கு, டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு அவரைக்கொட்டை உப்புமா வைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலணிச் சத்தம் கேட்டது. நண்பர் இளைத்திருந்தார். புது நோட்டு.

"ஒம்பதாவதத் திரும்ப எழுதிருக்கேன்," என்றார். "கேளுங்க. வழக்கம் வழக்கமாவே இருக்கட்டும்."

விதையறை அதே அளவு. இந்தமுறை சுவரில் கசிவு. காற்று உள்ளிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் கப்பலில் காற்று நிரப்பிய குடுவைகள் இருக்கின்றன. முன்பு கதையில் இல்லாத ஒருவன், அவளுடைய கணவன், குடுவை எடுக்கப் போகிறான். பின்பக்கமும் போகலாம், முன்பக்கமும் போகலாம். நடைகூடத்தில் ஒரு நிமிடம் நின்று முன்பக்கம் போகிறான். குடுவையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறான். இரண்டு பகுதிகளுக்கும் நடுவிலுள்ள கதவில் சோதனை. முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். இவனும் நிற்கிறான். இரண்டு மணி நேரம் நிற்கிறான்.

என் மடியில் வரைபடம் இருந்தது. அந்த நடைகூடத்தின் முழு நீளமே நானூறு மீட்டர். அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் மொத்தம் அறுபது பேர். அறுபது பேரும் வரிசையில் நின்றாலும், ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும், முப்பது நிமிடம். இரண்டு மணி நேரம் எப்படியும் ஆகாது. கணக்கு தானாக மனதில் ஓடி முடிந்துவிட்டது. என் வலது கை தொடையின் மேல் இருந்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

நண்பர் வாசிப்பதை நிறுத்தினார். "சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லீங்க. படிங்க."

"ரெண்டு மணி நேரம் ஜாஸ்தின்னு தோணுது, இல்லையா?"

டீச்சர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல நினைத்தேன். அந்த மனிதரிடம் பதினோரு வருடத்தில் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"ஆமாங்க. ஜாஸ்திதான்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். விட்ட வரியை விரலால் தேடினார். டீச்சர் எழுந்து போய், தடதடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நண்பர் மேற்கொண்டு வாசித்தார். கதவு திறக்க இன்னும் நான்கு பக்கம் இருந்தது.